மராகெஷ் கடையின் பின்வாசல்

செய்தியைக் கேட்பதற்கு முன்னால் நான் பார்த்தது செருப்பைத்தான். மஞ்சள் தோலில் தைத்தது. குதிகால் பக்கம் திறந்திருக்கும், மூக்கு நீண்டிருக்கும். விழுப்புரத்தில் அப்படி ஒரு ஜோடி வேறு யார் காலிலும் கிடையாது. வேர்க்கடலை வியாபாரம் செய்கிற மல்லாட்டை மண்டி நாயுடு அதைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் கடையின் பின்வாசலில் நின்றிருந்தார். நாயுடு பின்வாசலுக்கு வருகிறவர் அல்ல. நான் விறகு பிளப்பதை நிறுத்தினேன்.

"உங்க ஐயா போய்ட்டாருடி," என்றார். "மண்டியில கோதுமை மூட்டையப் பாத்துக்கினு நின்னாரு. மாரப் புடிக்குது நாயுடுன்னாரு. அப்படியே குந்தினாரு. அவ்ளோதான்."

செருப்பைத் தருவதற்குக் கையை நீட்டினார். நானும் நீட்டினேன். என் கையைப் பார்த்ததும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. செருப்பைத் தரையில் போட்டார்.

"எடுத்து உள்ள வை. இல்ல, நீ உள்ள போவாத. இங்கியே வை."

அவர் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. பிளந்த விறகை அடுக்கி முடித்தேன்.

அந்தச் செருப்புக்காரரை நீங்கள் மராகெஷ் பிள்ளை என்று கூப்பிட்டீர்கள். ஸ்டேஷன் ரோட்டில் அவர் வைத்திருந்த கறிச்சோற்றுக் கடையில் சாப்பிடாத ஆள் உங்களில் இல்லை. இன்று சாயங்காலம் அதே கடையில் அவருக்காகக் கூட்டம் போடுகிறீர்கள். அவர் வாய் ஓயாமல் சொன்ன மராகெஷ் ஊரையும், அந்த ஊரின் கடைகளையும், சாப்பாட்டையும் பற்றி யாராவது எழுதித் தந்தால் வாத்தியார் படிப்பார் என்று முடிவு செய்திருக்கிறீர்கள். நாயுடுதான் வந்து சொன்னார்.

"நீ மிஷன் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் படிச்சவளாமே. அவரு பேசறப்பல்லாம் பின்னால நின்னுக்கினு வாயப் பொளந்து கேட்டுக்கினு இருப்பே. அத எழுதிக் குடு. நல்லதா எழுது, இன்னா?"

தலையை ஆட்டினேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. எழுத வரும். வாத்தியார் ஐயா இதை நடுவில் நிறுத்தாமல் படிக்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

சாப்பாட்டுக்குப் போவதற்கு முன் ஒன்று. அவர் பிள்ளை இல்லை. அவர் பெயர் சவரிமுத்து. கிளியனூர் சேரியில், மாதாகோயிலுக்குப் பின்னால் இருக்கிற வரிசையில் பிறந்தவர். என் அம்மாவின் கூடப் பிறந்த அண்ணன். எனக்குத் தாய்மாமன். என் பெயர் லூர்து. இந்தக் கடையில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அதனால் அதையும் எழுதி வைக்கிறேன்.

இதை ஏன் இப்போது சொல்கிறாய் என்று கேட்பீர்கள். என் அம்மா தன் அண்ணன் செத்ததற்கு இன்னும் 'அண்ணா' என்று சொல்லி அழவில்லை. அவள் அழ வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

மாமா பாண்டிச்சேரியில் ஒரு பிரெஞ்சுத் துரை வீட்டில் சமையல் செய்யும் குசினிக்காரராக இருந்தார். துரைக்கு மொரோக்கோ தேசத்தில் மராகெஷ் ஊருக்கு மாற்றல் வந்தபோது இவரையும் கப்பலில் கூட்டிப் போனார். ஜெர்மன் சண்டை ஆரம்பிப்பதற்கு முன்பே மாமா திரும்பிவிட்டார். கிளியனூருக்கு வரவில்லை. விழுப்புரத்தில் இறங்கி, துரையிடம் கணக்கு எழுதிய கணக்கப்பிள்ளை என்று சொல்லிக்கொண்டார். குசினிக்காரர் என்று சொன்னால் எந்தத் தெரு என்று கேட்பீர்கள் என்பது அவருக்குத் தெரியும். கணக்கப்பிள்ளை கொஞ்ச நாளில் வெறும் பிள்ளை ஆனார். நெற்றிக்கு விபூதி வந்தது. எந்தப் பிள்ளை என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. கப்பல் ஏறி இறங்கியவரிடம், அதுவும் அப்படி ஒரு செருப்புப் போட்டவரிடம், எப்படிக் கேட்பது என்று விட்டுவிட்டீர்கள்.

என் அப்பா காலராவில் செத்த வருஷம், மாமா அம்மாவுக்கு ஆள் அனுப்பினார். பெண்ணை அனுப்பு, சோறு போடுகிறேன், பள்ளிக்கூடம் சோறு போடுமா என்று கேட்டு அனுப்பினார். அம்மா என்னை அழைத்துக்கொண்டு வந்து இந்தப் பின்வாசலில் விட்டாள். மாமா வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன ஐயான்னு கூப்புடு," என்றார். "மாமான்னு ஒரு தபா வாயில வந்துச்சுன்னா அன்னிக்கே ஊருக்கு வண்டி ஏத்திடுவேன்."

அதுதான் என் மாமன் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

இனி நீங்கள் கேட்ட கதை. பாண்டிச்சேரி வண்டி புறப்பட்டுப் போனதும் கடையில் கூட்டம் ஓயும். அப்போது அவர் பெஞ்சில் சாய்ந்து, ஒரு செருப்பைக் காலில் ஆட்டிக்கொண்டே ஆரம்பிப்பார். மராகெஷின் நடுவில் ஒரு மைதானம். பகலில் வெறும் மண்ணாகக் கிடக்கும். பொழுது சாய்ந்ததும் கடைகள் முளைக்கும், ஒரே புகை. கொண்டைக்கடலையும் தக்காளியும் கொத்தமல்லியும் போட்டுக் கொதிக்கிற கஞ்சிக்கு ஹரீரா என்று பெயர். அதை மைதானத்தில் குடிக்கக் கூடாது என்பார். தோல் பதனிடுகிறவர்கள் தெருவுக்குத் திரும்புகிற முனையில் ஒற்றைக்கண் கிழவர் ஒருவரின் கடை இருக்கிறது, அங்கேதான் குடிக்க வேண்டும். மாவை மெல்லியதாக இழுத்துச் சதுரமாக மடித்துச் சுடுகிற ரொட்டி எல்லாத் தெருவிலும் உண்டு, ஆனால் குதிரை லாயத்துக்கு எதிரில் உட்காரும் அம்மாள்தான் தேனைத் தாராளமாக ஊற்றுவாள். கூம்பு மூடி போட்ட மண்சட்டியில் தணலில் வேகிற கறிக்குத் தாஜின் என்று பெயர். அதற்கு உப்பில் ஊறிய எலுமிச்சம்பழம் போட வேண்டும், புளி போடுகிறவன் மனிதனே இல்லை. புதினா போட்ட தேநீரைத் தலை உயரத்திலிருந்து சின்னக் கண்ணாடி டம்ளரில் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றுவார்கள்.

நன்றாகத்தான் சொல்வார். அதை நான் மறுக்கவில்லை. எனக்கும் வாய் ஊறும். ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு மைதானத்தில் திரிகிற நேரத்தில் நான் பின்னால் அண்டாவுக்குச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் அடிக்கடி சொன்னது ஒன்று உங்களுக்கு நினைவிருக்கும். "அங்க தட்டு ஒண்ணுதான்யா. சுத்தி பத்து கை. துரை வூட்டு வண்டிக்காரனும், பள்ளிவாசல் பெரியவரும் ஒரே தட்டுல கை வைப்பாங்க. யாரும் யாரையும் கேக்க மாட்டாங்க. சாப்பாடுன்னா அது சாப்பாடு." இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுக்கும். நீங்களும் "அடடா" என்பீர்கள்.

அப்போது பின்சுவரில் ஆணியில் தகரக் குவளை தொங்கிக்கொண்டிருக்கும். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களும், வண்டி ஓட்டி வருகிற சேரி ஆட்களும் காசை வாசல் கல்லில் வைத்துவிட்டு அந்தக் குவளையை எடுத்துக்கொள்ள வேண்டும். குடித்தபின் அவர்களே கழுவி மாட்ட வேண்டும். சோறு மந்தார இலையில், தரையில். அந்தக் குவளையில் தண்ணீர் ஊற்றும்போது மாமா செம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொள்வார். குவளை செம்பில் பட்டுவிடக் கூடாது. ஒரு சொட்டுச் சிந்தாது. அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்ற எங்கே படித்தார் என்று எனக்குத் தெரியும். அங்கே விருந்துக்குச் செய்ததை இங்கே இதற்குச் செய்தார்.

ஒரு நாள் அவருக்கு வாய் தவறியது. மராகெஷ் மைதானத்தில் நத்தையை மசாலாவில் வேக வைத்துக் கிண்ணத்தில் தருவார்கள், ஊசியால் குத்தி இழுத்துச் சாப்பிட்டுவிட்டு அந்தச் சாற்றையும் குடித்தால் நெஞ்சுச் சளி அறுந்துவிடும் என்று ஆரம்பித்தார். நானும் அண்டாவை விட்டுவிட்டுக் கேட்டேன். எங்கள் வீட்டில் மழைக்காலத்தில் வரப்பிலிருந்து நத்தை பொறுக்கி வந்து அம்மா இப்படித்தான் ஆக்குவாள். ரயில்வே குமாஸ்தா ஒருவர் அன்று இலையின் முன் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாய்யா பிள்ளை," என்றார். "நம்ம சேரி ஆளுங்க வயக்காட்டு நத்தையத் துன்னா மூக்கப் புடிச்சுக்கினு போறோம். நீ துன்னா அது சீமைப் பலகாரமா?"

எல்லாரும் சிரித்தீர்கள். நாயுடு இன்னும் ஒரு படி மேலே போனார். "பிள்ளைக்கு நத்தை ருசி நல்லாத் தெரியுது. எதுக்கும் ஊரு எதுன்னு விசாரிக்கணும்ப்பா."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். மாமாவின் கால் ஆடுவது நின்றுவிட்டது. "நான் துன்னேன்னு சொன்னனா? பாத்தேன்னு சொன்னேன்," என்றார். அதன் பிறகு அந்த மைதானத்திலிருந்து நத்தைக் கடை மறைந்துபோனது. மறுபடி ஒருநாளும் அவர் வாயில் வரவில்லை. அன்று சாயங்காலம் ஒரு மூட்டைக்காரர் தெரியாமல் முன்படியில் கால் வைத்துவிட்டார். மாமா அவரைத் திட்டிய திட்டு ரயில் நிலையம் வரை கேட்டது. உங்களுக்காகத்தான் அவ்வளவு சத்தம் போட்டார். நீங்கள் திருப்தியாகக் கை கழுவினீர்கள்.

சண்டைக் காலத்தில் அரிசி குறைந்து ரேஷனில் கோதுமை போட்டார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. களி கிண்டினால் பசை, சோறாக்கினால் ரப்பர் என்று பெண்கள் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். மாமா மட்டும் சந்தோஷப்பட்டார். மராகெஷில் வெள்ளிக்கிழமைதோறும் எல்லா வீட்டிலும் செய்கிற சாப்பாடு கோதுமைதான், கூஸ்கூஸ் என்று பெயர், அதைச் செய்து காட்டுகிறேன் என்றார். நீங்கள் அதற்கு மராகெஷ் புட்டு என்று பெயர் வைத்தீர்கள். உடைத்த கோதுமையைத் தாம்பாளத்தில் பரப்பி, உப்புத் தண்ணீர் தெளித்து, மாவைத் தூவி, உள்ளங்கையால் சுற்றிச் சுற்றி உருட்ட வேண்டும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் மணி மணியாக வர வேண்டும். கறிக்குழம்பு கொதிக்கிற பானையின் மேல் துளைப்பானையை வைத்து அந்த ஆவியில் வேக விட வேண்டும். கொட்டி, உதிர்த்து, தண்ணீர் தெளித்து, மறுபடி வேக விட வேண்டும்.

மாமாவுக்கு உருட்ட வரவில்லை. அங்கே பெண்கள் செய்வதைப் பார்த்திருந்தாரே தவிரச் செய்ததில்லை. அவர் கை சூடு, மாவு கட்டிக்கொள்ளும். இரண்டு தாம்பாளம் பாழானதும் பின்கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். முன்கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"கையக் கழுவிக்கினு வா," என்றார். "ஜல்தி."

அன்று முதல் கடை திறப்பதற்கு முன் சமையற்கட்டுக்குள் உட்கார்ந்து உருட்டியது நான். மணி பெரிதாக இருந்தால் அள்ளி என் மடியில் வீசுவார். "இது கேப்பைக் களி இல்லடி, கழுத. மராகெஷ்ல இத நாய்க்குக் கூடப் போட மாட்டாங்க." விடிந்து முன்கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாக என்னைத் தள்ளிவிடுவார். அப்புறம் நான் விறகுக்காரி. உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது.

திண்டிவனத்திலிருந்தும் விக்கிரவாண்டியிலிருந்தும் அந்தப் புட்டுக்காகவே ஆள் வந்தது. நீங்கள் விரலை நக்கினீர்கள். "பிள்ளை கை மணமே தனி," என்று நாயுடு சொன்னதை விறகுக் குவியலுக்குப் பக்கத்திலிருந்து கேட்டேன். அது என் கை. நான் ஊற்றிக் கொடுத்தால் தண்ணீர் குடிக்க மாட்டீர்கள். என் கையில் ஒரு ஜோடிச் செருப்பைக் கொடுக்கக் கூட உங்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் ரேஷன் கோதுமை வந்த நாளிலிருந்து நீங்கள் அத்தனை பேரும் என் உள்ளங்கையில் உருண்டதைத்தான் சாப்பிட்டீர்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏப்பம் விட்டீர்கள்.

ஒரு ஈஸ்டருக்கு அம்மா வந்தாள். கிளியனூரிலிருந்து திண்டிவனத்துக்கு நடந்து, அங்கே ரயிலேறி, முந்தானையில் மல்லாட்டை முடிந்துகொண்டு வந்தாள். அண்ணனுக்கு வேக வைத்த மல்லாட்டை பிடிக்கும். பின்வாசலில் நின்றாள். கடை நிறைய ஆள். மாமா செம்போடு வெளியே வந்தார்.

"யாரும்மா நீ? இன்னா வேணும்?" என்றார். உள்ளே கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

அம்மா ஒரு கணம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு, "தண்ணிங்க ஐயா," என்றாள். ஆணியிலிருந்து குவளையை எடுத்து நீட்டினாள். அவர் செம்பைத் தலைக்கு மேல் தூக்கினார். கூடப் பிறந்த தங்கைக்கு அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினார். அவள் குடித்துவிட்டுக் குவளையைக் கழுவி மாட்டினாள். மல்லாட்டையைக் கல்லின் மேல் வைத்தாள்.

அவளை நான் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் நான் அழுதேன். அவள் அழவில்லை.

"உடுடி," என்றாள். "நம்மள்ல ஒருத்தனாவது முன்வாசல்ல நிக்கிறான். நின்னுட்டுப் போவட்டும். நீ வாயத் தொறந்து அவன் பொழப்பக் கெடுத்துடாத. என் மேல ஆணை."

"உன்ன யாருன்னு கேட்டாரும்மா."

"கேக்கட்டும். எனக்குத் தெரியுமில்ல அவன் யாருன்னு."

அவளால் அப்படிச் சொல்ல முடிந்தது. என்னால் முடியவில்லை. அன்று மல்லாட்டையை அவர் உள்ளே எடுத்துப் போனார் என்பதையும் எழுத வேண்டும். பங்கு கொடுக்காமல் தனியாகவே உரித்துத் தின்றார். தோலைப் பின்வாசலில் கொட்டினார். நான்தான் கூட்டினேன்.

மராகெஷிலேயே சிறந்த சாப்பாடு எந்தக் கடையிலும் கிடைக்காது என்பார். அதற்குத் தன்ஜியா என்று பெயர். ஆட்டுக்கறி, பூண்டு, சீரகம், உப்பு எலுமிச்சை எல்லாவற்றையும் ஒரு மண்ஜாடிக்குள் போட்டு, வாயைக் கட்டி, பொதுக் குளியல் கூடத்துக்கு வெந்நீர் போடுகிறவனிடம் கொடுத்துவிட வேண்டும். அவன் அடுப்புச் சாம்பலுக்குள் அதைப் புதைத்து வைப்பான். பெண்கள் தொடாத சமையல் என்று பெருமையாகச் சொல்வார். இங்கே பொதுக் குளியல் கூடம் ஏது? அரிசி ஆலையில் நெல் அவிக்கிற கொதிகலன் சாம்பல் இருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் அன்று, உடம்புக்கு முடியவில்லை என்று கடையைச் சாத்திவிட்டு, ஜாடியை ஆலைக்குத் தூக்கிப் போனார். மத்தியானம் திரும்பி வந்தார். கிறிஸ்துமஸ் என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

முன்கதவைத் தாழிட்டார். பெரிய தாம்பாளத்தை எடுத்துச் சமையற்கட்டின் நடுவில் வைத்து ஜாடியைக் கவிழ்த்தார். கறி எலும்பை விட்டுக் கழன்று விழுந்தது. மணம் என் கண்ணில் ஏறியது. அவர் சம்மணமிட்டு உட்கார்ந்தார். எதிரில் தரையைத் தட்டினார்.

"குந்து," என்றார். "கைய வை."

நான் உட்கார்ந்தேன். கையை வைத்தேன். அவரும் வைத்தார். ஒரே தட்டு. இரண்டு கை. ஒரு வாய் தின்றேன். அந்த ஒரு வாயில் அவர் சொன்ன அந்த ஊர் முழுக்க இருந்தது, பொய்யில்லை. 'மாமா' என்று என் வாயில் வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது முன்கதவைத் தட்டினார்கள். "பிள்ளை, உடம்புக்கு இன்னா? பேஜாராப் போச்சுய்யா நீ இல்லாம," என்று நாயுடுவின் குரல்.

என் கைக்கு அடியிலிருந்து தாம்பாளத்தை இழுத்தார். அடுத்த வாய்க்கு எடுத்தது என் விரலிலிருந்து தரையில் விழுந்தது. என் தோளைப் பிடித்துத் தூக்கிப் பின்வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். உள்ளே நாயுடுவின் சிரிப்பும் அவர் சிரிப்பும் கேட்டன. ஜாடிக்கறியை நாயுடு புகழ்ந்தார். நான் கையைக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தேன். பிறகு வந்து கூப்பிடுவார் என்று நினைத்தேன். எச்சில் தாம்பாளத்தைத் தேய்க்கத்தான் கூப்பிட்டார்.

நாயுடு அவர்களே, அன்று நீங்கள் சாப்பிட்டது என் கை பட்ட மிச்சம்.

அவரை மன்னிக்கச் சொல்லி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். நத்தைக்காக நீங்கள் சிரித்த சிரிப்புக்கு அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று எனக்குப் புரிகிறது. உங்களில் ஒருவர் விசாரிக்கப் போயிருந்தால் மறுநாளே இந்தக் கடையின் கூரையைப் பிய்த்திருப்பீர்கள். அதுவும் புரிகிறது. ஆனால் பயந்தவர் குவளையை ஆணியில் மாட்டியிருக்க வேண்டாம். செம்பை இவ்வளவு உயரம் தூக்கியிருக்க வேண்டாம். அங்கே ஒரே தட்டில் கை வைத்தவர். தெரியாதவர் செய்தால் ஒரு கணக்கு. இவர் தெரிந்து செய்தார்.

சாவு அன்று மண்டியிலிருந்து உடலைத் தூக்கி வந்து கடை பெஞ்சில் கிடத்தினீர்கள். விபூதியைப் பட்டையாகப் பூசினீர்கள். சொந்தக்காரர் யாராவது உண்டா என்று ஒருவர் கேட்டதற்கு, "அவருக்கு யாரு இருக்கா? நாமதான்," என்று நாயுடு சொன்னார். அதைக் கேட்டபோது நான் பின்வாசலில் நின்றேன். அம்மாவின் ஆணை என் வாயைக் கட்டியிருந்தது.

நான் சொல்லி அனுப்பி மறுநாள் மத்தியானம் அம்மா வந்து சேர்ந்தாள். தலைவிரி கோலமாக ஓடி வந்தவள், பின்வாசலுக்கு வந்ததும் நின்றாள். முடியை அள்ளி முடிந்துகொண்டாள். கதவு வழியாக உள்ளே பார்த்தால் அவர் பாதம் மட்டும் தெரிந்தது. அவள் வாய் திறந்தது. 'அ' என்ற சத்தம் வந்தது. கையால் பொத்திக்கொண்டாள். பிறகு, "ஐயா, எங்கள உட்டுட்டுப் போய்ட்டீங்களே ஐயா," என்று அழுதாள். கூலிக்காரி முதலாளிக்கு அழுகிற அழுகை.

"பாருய்யா, இந்த சனங்களுக்குக் கூட பிள்ளை மேல எவ்ளோ பாசம்," என்றார் குமாஸ்தா. உங்களில் யாரோ இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினார். அதே குவளையில். அவள் குடித்தாள்.

பாடை போனபோது ரோட்டுக்கு மறுபக்கம் நாங்கள் இருவரும் நடந்தோம். சுடுகாட்டுத் திருப்பம் வந்ததும் எங்களை நிறுத்திவிட்டீர்கள். "கோயில் மணி அடிக்காமப் போறானேடி," என்று அம்மா என் காதில் சொன்னாள். "சாமியாரு வந்து தீர்த்தம் தெளிக்கல. எரிக்கறாங்களேடி." முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டாள்.

நேற்று அவளிடம் பேசினேன். "நீ போட்ட ஆணை அவரு பொழப்புக்குத்தானேம்மா? செத்தவருக்கு இன்னா பொழப்பு இருக்குது?" என்று கேட்டேன். "அப்பால உன்ன அங்க வெக்க மாட்டாங்கடி," என்றாள். வேலை போகும் என்பது எனக்குத் தெரியும். இடம் நாயுடுவுடையது. இன்று இதைப் படித்து முடிப்பதற்குள் என்னைப் போகச் சொல்லலாம். போகிறேன். மஞ்சள் செருப்பு பின்வாசலில் நீங்கள் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. வேண்டியவர் எடுத்துக்கொள்ளுங்கள். நான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்வது உருட்டுகிற கை, அந்த ஒரு வாய், இரண்டும்தான். இரண்டையும் அவர் மனமுவந்து தரவில்லை. ஆனால் என்னிடம் இருக்கின்றன.

இதுவரை விடிவதற்கு முன் எழுதியது; மிச்சத்தை நீங்கள் வருவதற்குள் எழுதிச் சேர்க்கிறேன். கூட்டத்துக்காக முன்பக்கத்தைக் கூட்டித் தெளித்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்று சொல்லி நாயுடு காலையில் சாவியை மண்ணில் வைத்துவிட்டுப் போனார். கூட்டினேன். தெளித்தேன். பிறகு சமையற்கட்டுக்குப் போய் மிச்சமிருந்த கோதுமையை உருட்டினேன். கறி வாங்க வழியில்லை. பூசணியும் கடலையும் போட்டுக் குழம்பு வைத்து அந்த ஆவியில் வேக விட்டேன். பெரிய தாம்பாளத்தில் குவித்து முன்பக்கத்துப் பெஞ்சில், அவரைக் கிடத்தியிருந்த இடத்தில், வைத்தேன்.

அம்மா பழக்கத்தில் பின்பக்கம் வந்து நின்றாள். கையைப் பிடித்துக் கடையைச் சுற்றி ஸ்டேஷன் ரோட்டுப் பக்கம் அழைத்து வந்தேன். முன்படியில் கால் வைக்க மாட்டேன் என்றாள். இழுத்தேன். படியில் கால் பட்டதும் அவளுக்கு வாய் திறந்துவிட்டது.

"அண்ணா," என்றாள். பிறகு நிறுத்தவில்லை. ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜட்காக்காரர் வண்டியை நிறுத்தினார். அழுது தீரும் வரை நான் பக்கத்திலேயே நின்றேன்.

பிறகு அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். "கைய வைம்மா," என்றேன். அவள் தாம்பாளத்தைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

நான் எழுந்து போய் முன்கதவின் பலகைகளை எல்லாம் கழற்றி அகலத் திறந்து வைத்தேன். திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்து, கையை வைத்தேன்.